முப்பத்தோரு நாள் ப்ராக்ஸி

ஊறுகாதான்க்கா. பயப்படாதீங்க, கொட்டாது. மூடிக்கு அடியில பாலித்தீன் வச்சு, ரப்பர் பேண்ட் போட்டு, அதுக்கு மேல துணியும் கட்டித்தான் குடுத்திருக்கா. அவ எதச் செஞ்சாலும் அப்படித்தான். உங்க சேலையில ஒரு சொட்டு பட்டா என்னைக் கேளுங்க. நீங்க சங்கரன்கோவிலுக்கா? நான் காலேஜுக்குப் பிரியிற விலக்குல இறங்கணும். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்கு வேண்டாம். நான் பேசிக்கிட்டே வருவேன், அதான் உங்களுக்குக் கஷ்டம். ஹாஸ்டல்ல என்னை ரேடியோன்னுதான் கூப்பிடுவாளுக.

இது எங்க மிஸ்ஸுக்கு. வனஜா மிஸ். இங்கிலீஷ் எடுக்காங்க. குடுத்துவிட்டது இசக்கி. இசக்கியம்மாள், என்கூடப் படிச்சவ. படிச்சவன்னு வாயில வருது பாருங்க. ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் என்கூடப் படிக்கிறவ. முதல் வருசத்துல இருந்து ஒரே ரூம், ஒரே பெஞ்சு, ஒரே சோப்பு டப்பா. இப்ப புளியங்குடியில கட்டிக் குடுத்துட்டாங்க. எலுமிச்சை மண்டி வச்சிருக்கிற வீடு. அவளப் பாத்துட்டுத்தான் வாரேன்.

என்ன? இல்லக்கா, அழல. காத்து அடிக்கில்லா, கண்ணு கரிக்கி.

அவளுக்கு இப்படி ஆனதுக்கு யாரைச் சொல்லுததுன்னு எனக்குத் தெரியல. அவங்க அப்பாவச் சொல்லணும். அதுக்கு அப்புறம் மிஸ்ஸத்தான் சொல்லுவேன். ஆமா, எங்க மிஸ் தங்கம்தான், இல்லேங்கல. ஆனா ஒரு பிள்ளையோட குரல் தெரிய வேண்டாமாக்கா ஒரு டீச்சருக்கு? ரெண்டு வருசம் பாடம் எடுத்திருக்காங்க. நீங்களே சொல்லுங்க. இல்ல, பொறுங்க, முழுசாச் சொல்லிருதேன்.

எங்க காலேஜ்ல பாதிப் பேரு வீட்டுலேயே முதல்ல காலேஜ் வாசல மிதிச்சவளுக. எந்திரிச்சு நின்னு பேரச் சொல்லுன்னாலே குனிஞ்சு பெஞ்சக் கீறிக்கிட்டு நிப்பாளுக. இங்கிலீஷ்ல மட்டும் இல்ல, தமிழ்லயும் அப்படித்தான். மிஸ் கெஞ்சிப் பாத்தாங்க, ஏசிப் பாத்தாங்க, மிட்டாய் வாங்கிக் குடுத்துப் பாத்தாங்க. ஒண்ணும் நடக்கல. கடைசியில, 'எந்நேரமும் போனத்தான தடவிக்கிட்டு இருக்கீங்க, அதுகிட்டயாவது பேசுங்கட்டி'ன்னு ஒரு ஆப் கொண்டுவந்தாங்க. விளையாட்டுதான்க்கா. ஒரு மரம், ஒரு கிளி. தினம் ஒரு தலைப்பு வரும். மூணு நிமிசம் இங்கிலீஷ்ல பேசணும். நாம பேசப் பேசக் கிளி கிளை கிளையா ஏறும். முழிச்சுக்கிட்டு நின்னா அது சறுக்கும். உச்சியில பழம். அம்புட்டுதான். ஆனா கேளுங்க, வகுப்புல வாயத் திறக்காதவ எல்லாம் பாத்ரூம்ல போய் நின்னு கிளியோட பேசினாளுக. மனுசங்க பாக்கலன்னா பேச்சு தன்னால வருதுக்கா. அதுல பேசினதுக்குப் பரீட்சையில மார்க்கும் உண்டு, இருபத்தஞ்சு.

அன்னன்னைக்கு ஆடினவ பேரு பச்சையா இருக்கும். மூணு நாள் சேந்தாப்புல ஆடலன்னா சிவப்பாயிரும். மிஸ்ஸோட லேப்டாப்புல அறுபத்திரண்டு பேரும் வரிசையாத் தெரியும்.

இசக்கி நல்லாப் படிப்பா. கணக்குல அவதான் ஃபர்ஸ்ட். ஆனா பேச்சு மட்டும் ஒரு வாக்கியம் சொல்லிட்டு மூச்சு வாங்குவா. ஸ்கூலுன்னு சொல்ல மாட்டா, இஸ்கூலுன்னுதான் வரும். 'ஆக்சுவலி'ன்னு ஒரு வார்த்தை கத்துக்கிட்டா, அதை வச்சே மூணு நிமிசத்தையும் தள்ளுவா. பாவம், அவ கிளி பாதி மரத்துக்கு மேல ஏறுனதே இல்ல. ஆப்ல நூத்துக்கு அறுபது, அறுபத்தொண்ணுக்கு மேல வராது. எனக்கு எண்பது, எண்பத்தஞ்சு. அவ போன்ல இடம் இல்லேன்னு அவளோட ஆப் கணக்கையும் என் போன்லதான் வச்சிருந்தோம். அவளுக்குக் காய்ச்சல்னா நான் ஆடிவிடுவேன். எனக்கு வயித்துவலின்னா அவ ஆடுவா. ப்ராக்ஸிக்கா. வகுப்புல வராதவளுக்குப் பதிலா உள்ளேன்னு குரல் குடுப்போம்லா, அதேதான். எங்க காலேஜ்ல ப்ராக்ஸி குடுக்காதவள யாரும் மனுசியாவே சேக்க மாட்டாளுக. அந்த ஆப்புக்கு யாரு பேசுதான்னு தெரியாது, எப்படிப் பேசுதான்னுதான் தெரியும்.

ஏப்ரல் கடைசியில நாப்பது நாள் லீவு விட்டாங்க. மிஸ் லீவுலயும் ஆடணும்னுட்டாங்க. கடைசி நாள் வகுப்புல கையக் கட்டிக்கிட்டு நின்னு சொன்னாங்க: 'எவ பேராவது சிவப்பாச்சு, நாலாம் நாள் காலைல அவ வீட்டு வாசல்ல சேரப் போட்டு உக்காருவேன். அவங்க அப்பா எனக்குப் பதில் சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.' நாங்க எல்லாம் சிரிச்சோம். நான் ஹாஸ்டலுக்குப் போய் மிஸ் மாதிரியே கையக் கட்டிக்கிட்டு, பக்கெட்டக் கவுத்திப் போட்டு உக்காந்து நடிச்சுக் காட்டினேன். எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சாளுக. இசக்கி மட்டும் கட்டில்ல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. 'மிஸ் நெசமாவே வருவாங்களாட்டி?'ன்னு கேட்டா. 'வருவாங்க, வந்து உங்க அப்பா முன்னால உன் மானத்த வாங்குவாங்க'ன்னேன். போன வருசம் அப்படித்தான் ஒரு அக்கா வீட்டுக்குப் போனாங்க. லீவுல நிச்சயம் பண்ணி வச்சிருந்தாங்க. மிஸ் வாசல்ல பொழுதன்னைக்கும் உக்காந்திருந்து, பரீட்சை எழுத அந்த அக்காவக் கையோட கூட்டிட்டு வந்துட்டாங்க. அந்த அக்கா இப்ப ஓசூர்ல வேலை பாக்கா.

எனக்கு அது அப்ப மண்டையில ஏறலக்கா. மிஸ் மிரட்டுதாங்கன்னுதான் நான் நினைச்சேன்.

பஸ் ஸ்டாண்டுல வச்சு இசக்கி என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'ரெஜி, லீவுல என் கணக்குல நீ ஆடாத. நானே ஆடிக்கிடுதேன்'னா. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. ரெண்டு வருசமா ஆடி விட்டவ நான், இப்ப என்னமோ பெரிய ரோசம் இவளுக்குன்னு நினைச்சேன். 'சரி தாயே, நீயே பழத்தப் பறிச்சுக்க'ன்னு சொல்லிட்டு பஸ்ஸுல ஏறிட்டேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அவ? பொங்கலுக்குப் போனப்பவே வீட்டுல மாப்பிள்ளைப் பேச்சு ஓடியிருக்கு. எங்கிட்டச் சொல்லலையே. நான் ரேடியோவாம், ஊரெல்லாம் சொல்லிருவேனாம். இன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே சொல்லுதா.

லீவுல ஏழு நாள் ஆடினா. அவங்க அண்ணன் போன்ல இருந்து. நான் தினம் பாப்பேன், அறுபது, ஐம்பத்தெட்டு, அறுபத்தொண்ணு. எட்டாம் நாள் இல்ல. ஒன்பதாம் நாளும் இல்ல. அவ போனுக்கு அடிச்சா அணைச்சு வச்சிருக்குன்னு வருது. எனக்கு என்ன தோணும் நீங்களே சொல்லுங்க. ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும், இல்லேன்னா டவர் இல்லன்னுதான தோணும்? அவங்க அப்பா நம்பர் இருந்துச்சு. அடிக்கலாம்தான். அவரு 'ஹலோ'ன்னு சொன்னாலே எனக்குப் பயம், அடிக்கல. பத்தாம் நாள் சாயங்காலம் ஆகிட்டு. அன்னைக்கும் ஆடலன்னா சிவப்பு. மார்க்குப் போகும், மிஸ் போய் நிப்பாங்க, அந்த மனுசன் இவளப் போட்டு அடிப்பாருன்னு நினைச்சேன். மொட்டை மாடிக்குப் போய் அவ கணக்கத் திறந்து ஆடினேன். நல்லதுன்னு நினைச்சுத்தான்க்கா. இந்த ஊறுகா மேல சத்தியமா நல்லதுன்னு நினைச்சுத்தான்.

பேச்சு அவள மாதிரியே இருக்கணும்லா. எனக்கு வர்ற எண்பது அவ பேருல வந்தாச் சந்தேகம் வரும். அதனால அவள மாதிரியே மூச்சு வாங்கினேன். இஸ்கூலுன்னேன். 'ஆக்சுவலி, ஆக்சுவலி'ன்னு இழுத்தேன். அறுபத்தொண்ணு வந்துச்சு! எனக்கு என்ன பெருமை தெரியுமா. அவ எங்க திக்குவா, எங்க சிரிப்பா எல்லாம் எனக்கு அத்துப்படி. அன்னையில இருந்து லீவு முடியிற வரைக்கும் முப்பத்தோரு நாள். ஒரு நாள் விடல. எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. எங்க அம்மா பீடி சுத்திக்கிட்டே, 'ஏம்ட்டி, ஒரே விசயத்த ரெண்டு தடவ பேசுத, ஒரு தடவ திக்குத, ஒரு தடவ நல்லாப் பேசுத'ன்னு கேட்பா. 'உனக்குப் புரியாதும்மா'ம்பேன்.

டிக்கெட்டா? எடுத்துட்டேன் அண்ணாச்சி, காலேஜ் விலக்கு. இந்தா பாருங்க.

லீவு முடிஞ்சு முதல் நாள் மிஸ் முகத்தப் பாக்கணுமே. 'லீவுல ஒரு பேரும் சிவப்பாகல. பத்து வருசத்துல முதல் தடவையா ஒரு பிள்ளையக்கூட நான் தொலைக்கல'ன்னு சொல்லிக்கிட்டே பேர் கூப்பிட்டாங்க. இசக்கியம்மாள்னாங்க. சத்தம் இல்ல. மறுபடி கூப்பிட்டாங்க. எனக்கு வாய் வரைக்கும் உள்ளேன்னு வந்துட்டு, பழக்கதோசம். அங்கேயே நின்னு அவங்க அப்பாவுக்கு போன் பண்ணினாங்க. கல்யாணம் முடிஞ்சுட்டாம். லீவுல இருபத்திநாலாம் நாள். அவளுக்குப் பத்தொன்பது வயசு, சட்டப்படி யாரும் ஒண்ணும் கேக்க முடியாதாம்.

மிஸ் போன வச்சாங்க. அப்புறம் லேப்டாப்பத் திறந்து தேதியப் பாத்தாங்க. நாங்க பேசினது எல்லாம் அதுல பதிஞ்சு இருக்கும். இருபத்திநாலாம் நாளப் போட்டாங்க. ஸ்பீக்கர்ல. வகுப்பு முழுக்கக் கேக்குது. 'என் வாழ்க்கையில சந்தோசமான நாள்'னு அன்னைக்குத் தலைப்பு. நான் இசக்கியா, கோகோ போட்டியில கப்பு வாங்கின கதையச் சொல்லுதேன், அவள மாதிரியே நடுவுல நடுவுலச் சிரிக்கேன். முன் பெஞ்சுல இருந்து ஒருத்தி திரும்பி என்னைப் பாத்தா. அவளுக்குத் தெரிஞ்சிருச்சு. இன்னும் நாலஞ்சு பேருக்கும் தெரிஞ்சிருக்கும். ஒருத்தி வாயத் திறக்கணுமே! ப்ராக்ஸியக் காட்டிக் குடுக்க மாட்டாளுக. எங்க வழக்கம் அது.

மிஸ்ஸுக்குத் தெரியலக்கா. கண்ணத் துடைச்சுக்கிட்டு, 'கழுத்துல தாலி ஏறுற அன்னைக்கு இம்புட்டுச் சிரிச்சுப் பேசியிருக்கா. பிடிச்சுத்தான் கட்டியிருக்கா. நான் போய் என்னத்தக் கேக்க'ன்னு சொல்லி லேப்டாப்ப மூடிட்டாங்க.

அப்பச் சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருக்கலாம். உங்க முகத்தப் பாத்தாலே தெரியுது நீங்க அதத்தான் நினைக்கீங்கன்னு. ஆனா ப்ராக்ஸின்னு தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் முட்டை. காலேஜ்லயே பேசுறதுல முதல் ஆளுன்னு என்னைத்தான் ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்திருக்கு, அதுவும் போயிரும். முதல் ஆளா வராம என்ன? மத்தவளுக ஒரு தடவ ஆடினப்ப நான் ரெண்டு தடவ ஆடினேன்லா. அவளுக்காகப் பேசிப் பேசி என் பேச்சு நல்லாயிட்டு. அந்தக் கம்பெனியோட மொத லிஸ்ட்டுல எங்க ரெண்டு பேர் பேரும் இருந்துச்சு, சேந்து போகணும், ஒரே ரூம் எடுக்கணும்னு பேசி வச்சிருந்தோம். அவளுக்குத்தான் ரொம்ப ஆசை.

நேத்து அவளே போன் பண்ணினா, வீட்டுக்காரர் நம்பர்ல இருந்து. 'சனிக்கிழமதான, வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயேன்'னா. போனேன். கனகாம்பரம் வச்சுக்கிட்டு, கையெல்லாம் மஞ்சப்பொடி, நல்லாத்தான் இருந்தா. மெலிஞ்சுட்டா. மாமியார் எந்திரிச்சு உள்ள போன உடனே எங்கிட்ட ரகசியமாக் கேக்கா: 'ரெஜி, மிஸ்ஸுக்கு என்னட்டி, உடம்பு கிடம்பு சரியில்லையா?'

எனக்கு ஒண்ணும் புரியல. 'ஏன் கேக்க?'ன்னேன்.

'எட்டாம் நாள் அப்பா என் போனப் பிடுங்கிட்டாரு, அண்ணன் போனையும் தொட விடல. நான் அழவே இல்ல தெரியுமா. எண்ணிக்கிட்டேன். எட்டு, ஒன்பது, பத்து, சிவப்பு. பதினொண்ணாம் நாள் மிஸ் வருவாங்க. காலைலயே தலைக்குக் குளிச்சு, சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரு கவர்ல போட்டு, முன்கட்டுல உக்காந்துக்கிட்டேன். ஆட்டோ சத்தம் கேட்டா எந்திரிப்பேன். பன்னெண்டாம் நாளும் உக்காந்தேன். தாலி கட்டுற வரைக்கும் பதினாலு நாளு. மணையில இருக்கும்போதுகூட வாசலத்தான் பாத்தேன். யாரட்டி தேடுதன்னு அம்மா கிள்ளினா.' இப்படிச் சொல்லுதா. கோவமே இல்லாமச் சொல்லுதாக்கா. 'மிஸ் சொன்னா சொன்னதுதான். வரலேன்னா அவங்களுக்கு ஏதோ ரொம்ப முடியாமத்தான் இருந்திருக்கும். என்னட்டி ஆச்சு மிஸ்ஸுக்கு?'

நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கீங்க? 'ஆமாட்டி, மிஸ்ஸுக்கு மஞ்சக்காமாலை, ரொம்ப முடியாமக் கிடந்தாங்க'ன்னுட்டேன். தன்னால வந்துட்டு. ஒரு திக்கல் இல்லாம வந்துச்சு.

'ஐயோ பாவம்'னா. உள்ள ஓடிப்போய் இந்த பாட்டில எடுத்துட்டு வந்து, 'நாக்கு செத்துக் கிடக்கும், கஞ்சிக்குத் தொட்டுக்கச் சொல்லு. காரம் கம்மியாத்தான் போட்டிருக்கேன், நானே போட்டது'ன்னு கட்டிக் குடுத்தா. என் இசக்கிக்கா அவ. என் கண்ணு முன்னால அந்தத் துணிய முடிச்சுப் போடுதா, நான் பாத்துக்கிட்டு நிக்கேன். செத்துரலாம் போல இருந்துச்சு.

இன்னும் கேளுங்க. அந்தப் பையன், அவ வீட்டுக்காரரு, நல்ல மாதிரி. படிக்கட்டும்னுதான் சொல்லுதாராம். மாமியார்தான் பிடி குடுக்கல. 'உங்க மிஸ் வந்து அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா, டீச்சரே வந்துட்டாங்களேன்னு அனுப்பிருவாங்க'ன்னு அவரே சொன்னாராம். வர்ற புதன்கிழமைக்குள்ள வந்து கையெழுத்துப் போடலேன்னா காலேஜ்ல அவ பேர எடுத்துருவாங்க. 'மிஸ்ஸுக்கு இப்பக் குணமாயிட்டுல்லா? சொல்லுதியாட்டி? வருவாங்கல்லா?'ன்னு பஸ் ஏத்த வந்து நின்னு மூணு தடவை கேட்டா. வருவாங்க வருவாங்கன்னேன்.

நீங்க சொல்ல வாரது புரியுது. ப்ராக்ஸிய விட்டுட்டு, இசக்கி கூப்பிட்டான்னு மட்டும் மிஸ்கிட்டச் சொன்னா என்னன்னுதான கேக்கீங்க? நானும் ஏறுனதுல இருந்து அதத்தான் யோசிக்கேன். மிஸ் போனா முதல்ல கேக்கப் போறதே, 'நாப்பது நாளும் கிளியோட சிரிச்சுப் பேசினியே, ஒரு வார்த்தை சொன்னியாட்டி'ன்னுதான். இவ, 'எட்டாம் நாளே போனப் பிடுங்கிட்டாங்களே மிஸ்'ம்பா. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க. அதுக்கு அப்புறம் இசக்கி என்னைப் பத்தி நினைப்பால்லா. கம்பெனி வேலை போனாக்கூட அம்மா காலுல விழுந்துக்கிடலாம். ஆடாதன்னு சொன்ன பிறகும் ஆடுனது நான்தான்னு அவளுக்குத் தெரிஞ்சா, அவ என்னைப் பாக்கிற பார்வைய நான் எங்க வச்சுக்கிட?

எந்தத் தலைப்பு குடுத்தாலும் மூணு நிமிசம் நிக்காமப் பேசுவேன்க்கா இப்ப. மழை, ரயில், நட்பு, நேர்மை, எதக் குடுத்தாலும் கிளி உச்சிக்குப் போயிரும். ஆனா மிஸ் முன்னால போய் நிக்கிற மாதிரி மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கேன், 'மிஸ்'ங்கிற வரைக்கும்தான் வருது.

ஆமா, விலக்கு வந்துட்டு. தெரியுது. அந்தா, கேட்டுக்குப் பக்கத்துல குடையோட நிக்காங்கல்லா, கண்ணாடி போட்டவங்க, அதான் வனஜா மிஸ். சனிக்கிழமையும் வருவாங்க, பேசத் தெரியாத பிள்ளைகளுக்குத் தனியா எடுப்பாங்க. பாருங்க, மஞ்சக்காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல, எப்படி நிக்காங்க.

இல்ல அண்ணாச்சி, இறங்கல. விசில் குடுங்க. சங்கரன்கோவிலுக்கு ஒரு டிக்கெட் போடுங்க. அங்க ஒரு வேலை இருக்கு எனக்கு.

திங்கக்கிழமை சொல்லிருதேன்க்கா. கண்டிப்பா. புதன் வரைக்கும் நாள் இருக்குல்லா, மூணு நாள் முழுசா இருக்கு. நீங்க ஏன் அப்படிப் பாக்கீங்க? சொல்லிருவேன்.

அக்கா, உங்க வீட்டுல யாருக்கும் உடம்பு சரியில்லாம இருக்கா? இந்த ஊறுகாய வச்சுக்கோங்களேன். காரம் கம்மியாத்தான் போட்டிருக்காளாம்.